கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குக் கோப்பு அனுப்பும் வின்எஸ்சிபி: ஒரு மதிப்புரை

சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலையில் அன்றாட இலை எடைக் கணக்குதான் மாதக் கடைசியில் விவசாயியின் கைக்குப் பணமாகப் போகிறது. கோத்தகிரிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அந்த எடைகள் பதிவாகும் விண்டோஸ் சர்வரிலிருந்து குன்னூர் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வருக்குக் கோப்புகளை இரவுதோறும் தானாக அனுப்பி, போய்ச் சேர்ந்தவற்றின் அசலை மட்டும் காப்பகக் கோப்புறைக்கு மாற்றி வைக்கும் பொறுப்பை வின்எஸ்சிபி மென்பொருளிடம் விட்டிருக்கிறோம். அனுப்புவதை எந்த மென்பொருளும் செய்துவிடும். அனுப்பிய பிறகு அசலை என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் இதை நான் எடை போடுகிறேன்.

செக் நாட்டைச் சேர்ந்த மார்ட்டின் பிரிக்ரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டம், எஸ்எஃப்டிபி, எஃப்டிபி, வெப்டாவ், எஸ்3 முதலிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறைகளில் இயங்கும் கட்டற்ற மென்பொருளாகும். இடப்பக்கம் நம் கணினி, வலப்பக்கம் சர்வர் என்று இரண்டு பலகைகளாகத் திறக்கும் சாளரத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். தானியங்கி வேலைக்கு அந்தச் சாளரம் தேவையில்லை. எழுத்துக் கட்டளைகளால் இயக்கும் கட்டளைவரி நிரலும், விண்டோஸின் ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லிலிருந்து அழைக்கக்கூடிய டாட்நெட் நூலகமும்தான் இங்கே நமக்கு வேண்டியவை.

கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் கட்டளைவரி ஸ்கிரிப்ட் எழுதுவது எளிது: இணைப்பைத் திற, 'புட்' கட்டளையால் கோப்புகளை அனுப்பு, வெளியேறு. அனுப்பியதும் அசலை அழித்துவிடும் 'டிலீட்' விருப்பமும் உண்டு. ஆனால் ஒரு விவசாயி மூன்று மாதம் கழித்து வந்து எடையில் சந்தேகம் கேட்டால் எடுத்துக் காட்ட அசல் இருந்தாக வேண்டும் என்பதால், அந்த விருப்பம் எங்களுக்கு உதவாது. அடுத்து எவருக்கும் தோன்றும் வழி, நிரல் பூஜ்ஜியம் என்ற வெற்றிக் குறியீட்டோடு முடிந்தால் கோப்புறையில் இருப்பதையெல்லாம் காப்பகத்துக்கு நகர்த்திவிடுவது. பார்வைக்குச் சரியாகத் தோன்றும் இந்த வழியில் ஓர் ஓட்டை இருக்கிறது. இலை அதிகமாக வரும் மாதங்களில் லாரிகள் இரவு வெகு நேரம் கழித்தும் வருகின்றன; அனுப்புதல் முடிந்து நகர்த்தல் தொடங்குவதற்கு இடைப்பட்ட நொடிகளில் புதிய எடைக் கோப்பு ஒன்று விழுந்தால், அது குன்னூருக்குப் போகாமலேயே காப்பகத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், பிழைச் செய்தி எதுவும் வராது.

டாட்நெட் நூலகத்தின் அருமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. அனுப்பி முடித்ததும் அது ஒரு முடிவுப் பட்டியலைத் திருப்பித் தருகிறது. அதில் ஒவ்வொரு கோப்பின் பெயரும், போய்ச் சேர்ந்த இடமும், பிழை இருந்தால் அந்தப் பிழையும் தனித்தனியே இருக்கின்றன. பிழையில்லாத கோப்புகளை மட்டும் பெயர் சொல்லி எடுத்து ஆண்டு, மாதம் என்று பிரித்த காப்பகக் கோப்புறைக்கு நகர்த்தினால், இடையில் வந்த கோப்பு இருந்த இடத்திலேயே மறுநாள் வரை காத்திருக்கும். இதற்கான மாதிரி பவர்ஷெல் ஸ்கிரிப்ட் திட்டத்தின் ஆவணத்திலேயே கிடைக்கிறது என்பதால் புதிதாக எழுத வேண்டியது மிகக் குறைவு. எடை இயந்திரம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைத் தொடாமலிருக்க, கடைசியாக மாற்றப்பட்டுச் சில நிமிடங்கள் கடந்தவற்றை மட்டும் எடுக்கும்படி கோப்பு வடிகட்டியில் நேர வரம்பும் வைக்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலைப்பாதையில் மரம் சாய்ந்தால் இணையமும் சேர்ந்தே போய்விடும். எஸ்எஃப்டிபி வழியாக அனுப்பும்போது வின்எஸ்சிபி கோப்பை முதலில் 'ஃபைல்பார்ட்' என்ற தற்காலிக நீட்சியோடு எழுதி, முழுதும் சேர்ந்த பிறகே உண்மைப் பெயரை இடுகிறது. ஆகவே பாதியில் அறுந்த கோப்பைக் குன்னூர்க் கணக்கு மென்பொருள் முழுக் கோப்பென்று எண்ணி வாசிக்க வாய்ப்பில்லை. ஆனால் இயல்பான அமைப்பில் இந்தப் பாதுகாப்பு 100 கேபிக்கு மேற்பட்ட கோப்புகளுக்குத்தான் உண்டு. எங்கள் எடைக் கோப்புகளோ அதைவிடச் சிறியவை. எல்லாக் கோப்புகளுக்கும் பொருந்தும்படி அமைப்பை மாற்றிய பிறகே நம்பி விட முடிந்தது.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் சேர்க்கும்போது பலரும் தடுக்கி விழுவது, இணைவது சரியான சர்வரோடுதானா என்று உறுதிசெய்ய உதவும் அடையாளச் சாவியில். கையால் இணைக்கும்போது ஒப்புக்கொண்ட சாவி அந்தப் பயனரின் கணக்கில்தான் சேமிக்கப்படும். ஷெட்யூலர் வேறு கணக்கில் ஓடினால் அதைக் காண முடியாமல் நின்றுவிடும். சாவியின் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியை, ஸ்கிரிப்டிலேயே எழுதி வைப்பதே முறை. எந்தச் சாவியானாலும் ஏற்றுக்கொள் என்று நட்சத்திரக் குறி போடும் குறுக்கு வழி இணையத்தில் உலவுகிறது. பணக் கணக்கு போகும் பாதையில் அதைச் செய்யக்கூடாது.

குறைகளும் உண்டு. இதன் சொந்த ஸ்கிரிப்ட் மொழியில் நிபந்தனையோ சுழற்சியோ கிடையாது. கொஞ்சம் சிக்கலான வேலை வந்தாலே பவர்ஷெல் கற்றாக வேண்டும், சிறு அலுவலகங்களில் அது தெரிந்தவர் எளிதில் அமையமாட்டார். போய்ச் சேர்ந்த கோப்பு அசலோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பெண்ணைக் கேட்கும் வசதி இருந்தாலும், பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் இருக்கும் ஓபன்எஸ்எஸ்எச் என்ற இணைப்பு மென்பொருள் அதற்கு எஸ்எஃப்டிபியில் ஒத்துழைப்பதில்லை. சர்வரில் கட்டளைகளை இயக்கும் ஷெல் அனுமதி இருந்தால் அங்கேயே ஒரு கட்டளை ஓட்டிச் சரிபார்ப்பெண்ணை வாங்கி ஒப்பிடலாம், இல்லையென்றால் கோப்பின் அளவை ஒப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இரு முனைகளிலும் லினக்ஸ் இருப்பவர்கள் இதைத் தேடி வர வேண்டாம். அவர்களுக்குக் கோப்புகளை நகலெடுத்து ஒத்திசைக்கும் ஆர்சிங்க் நிரல் போதும், அசலை நகர்த்தும் வரிகளை மட்டும் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் சர்வரை விட முடியாத தொழிற்சாலைகள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விலைக்கு இருக்கிறது. அந்தப் பணம் திட்டத்தின் வளர்ச்சிக்குப் போகிறது.