குறிஞ்சிப் படத்துக்குப் பார்வைக் கணக்கு: ஸ்கிரிப்டா, காமன்ஸா, சர்வர் லாகா?

2018-இல் பூத்த குறிஞ்சி, கணக்குப்படி இனி 2030-இல்தான். கொடைக்கானல் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துபவர்களும் பறவை பார்க்கும் குழுக்களும் அதுவரை பழைய படங்களை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எந்தப் படத்துக்கு மவுசு என்று தெரிந்தால் போதும். பார்த்தவர் யார் என்பது வேண்டாத வம்பு.

கூகுள் அனலிட்டிக்ஸ் மாதிரி வெளி ஸ்கிரிப்ட் (பக்கத்தில் ஒட்டிவைக்கும், வருகையை எண்ணும் சின்ன நிரல்) பத்து நிமிட வேலை. ஆனால் பக்கம் திறந்தால்தான் அது ஓடும். படத்தின் நேர் லிங்க்கை வாட்ஸ்அப்பில் போட்டால் படக் கோப்பு மட்டுமே போகும், கணக்கில் ஒன்றும் ஏறாது. போதாததற்கு, பார்ப்பவர் தகவல் வெளியாள் கைக்குப் போகிறது.

விக்கிபீடியாவின் பொதுப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றினால் அதுவே எண்ணிக்கொள்ளும், கணக்கு வைக்கும் தலைவலியே இல்லை. ஆனால் படத்தை யாரும் வியாபாரத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம், சம்மதமா? கட்டுரையில் சின்னப் படமாக வந்துபோனதும் எண்ணிக்கையில் சேரும். அங்கே எனக்குப் பழக்கம் குறைவு, இதோடு நிறுத்துகிறேன்.

என் ஓட்டு சொந்த சர்வர் லாகுக்கு, அதாவது யார் எந்தக் கோப்பைக் கேட்டாலும் சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவேட்டுக்கு. ஒவ்வொரு வரியிலும் ஐபி (பார்ப்பவரின் இணைய முகவரி எண்), நேரம், கோப்பின் பெயர், நிலை எண், பிரவுசர் இருக்கும். 200 என்றால் சர்வர் படத்தை அனுப்பியது. 304 என்றால் அவரிடம் பழைய பிரதியே இருக்கிறது, படத்தை மறுபடி அனுப்பவில்லை. 200-ஐ மட்டும் எண்ணுங்கள், பாட்களை (தானாக வந்து மேயும் நிரல்களை) கழித்துவிடுங்கள். நடுவில் சிடிஎன் (படத்தின் பிரதியை வைத்துக்கொண்டு நமக்குப் பதிலாக அனுப்பும் சேவை) இருந்தால் அதன் கேச்சிலிருந்து, அதாவது அந்தப் பிரதியிலிருந்து, போகும் படங்கள் லாகில் விழாது, எண்ணிக்கை படுத்துவிடும்.

ஆள் தெரியாமல் இருக்க, ஐபியின் கடைசி எண்ணை லாகில் எழுதும்போதே 0 ஆக்க வேண்டும். பிறகு அழித்தால் பேக்கப்பில் தங்கிவிடும். ஐபிவி6 (புதிய, 128 பிட் நீள முகவரி) என்றால் முதல் 48 பிட் போதும். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் பலரும் கோட்டை விடுவது எரர் லாகில் (பிழைகளைக் குறிக்கும் தனிப் பதிவேட்டில்): அதில் ஐபி முழுசாகவே விழும். சர்வர் உபுண்டு இயங்குதளத்தில் இருந்தால், மாற்றாதவரை அது 14 நாள் கிடக்கும். இரண்டு நாளாகக் குறையுங்கள்.

'ஐபியை ஹேஷ் செய்துவிட்டோமே', அதாவது அடையாளம் தெரியாத குறியீடாக மாற்றிவிட்டோமே, என்பார்கள். ஐபிவி4 (பழைய வகை) முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. சாதாரண லேப்டாப் ஒரு மணி நேரத்துக்குள் அத்தனைக்கும் ஹேஷ் போட்டு ஒப்பிட்டுவிடும். தினம் ஒரு புது ரகசியச் சரத்தைச் சேர்த்து, நள்ளிரவில் அதைத் தூக்கி எறிந்தால்தான் ஹேஷுக்கு அர்த்தம். நேற்று வந்தவர் இன்று புது ஆளாகத் தெரிவார். தெரியட்டும்.

இவ்வளவு செய்தும், கணக்கை ஊர்வாரியாக வெளியிட்டால் மலையில் காலை வாருவது சின்ன எண்தான். சென்னையிலிருந்து 400 பேர் என்றால் யாரும் மாட்டமாட்டார்கள். கொடைக்கானல் பக்கத்துச் சிற்றூரான பூம்பாறைக்கு 'பூம்பாறை, 1, இரவு 11.40' என்று வந்தால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும், ஐபியே தேவையில்லை. இதில் கூத்து, ஐபியை வைத்து ஊரைக் கணித்தால் மொபைல் நெட்டில் வருபவரைப் பல நேரம் சென்னை, கோவை என்றுதான் காட்டும். அட்டவணையில் ஊர்ப் பெயர் வரும் பத்தி ஒன்று பொய் சொல்கிறது, இல்லை ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டு மாநிலத்தோடு நிறுத்துங்கள். நேரத்தையும் நாளோடு நிறுத்துங்கள். 10-க்குக் கீழே எதுவானாலும் '10-க்குள்' என்று மட்டும் போடுங்கள். மொத்தத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள்: மொத்தம் 57, மற்ற வரிகளின் கூட்டல் 56 என்றால் மறைத்த அந்த ஒருவர் கழித்தலில் வெளியே வந்துவிடுவார். மொத்தத்தையும் பத்தின் மடங்காக்கி, 60 என்று காட்டுங்கள்.