ஊதிப் பார்க்கும் கருவி: ஒரு வருஷம் ஊதிய பிறகு

மூச்சை ஊதினால் ரத்தத்தில் எவ்வளவு சாராயம் என்று காட்டும் கருவி இது. குடியைக் குறைக்கலாம் என்று நான் இதை வாங்கவில்லை. குடித்த பிறகு வண்டியை எடுக்கலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ளத்தான் வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் புரியும்.

இந்தக் கருவிகளில் இரண்டு ரகம் உண்டு. முதலில் வாங்கியது மலிவான ரகம், உள்ளே செமிகண்டக்டர் சென்சார். மாவுச்சத்தை அடியோடு நிறுத்தி உடம்பைக் குறைத்துக்கொண்டிருந்த என் மச்சினன் விளையாட்டாக ஊதினான். 0.02 காட்டியது, அதாவது நூறு மில்லி ரத்தத்தில் 0.02 கிராம் சாராயம். "மாமா, சத்தியமா ஆறு மாசமா தொடவே இல்லை" என்று அவன் பதற, என் மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பாவம், அவன் பொய் சொல்லவில்லை. மாவுச்சத்து இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது மூச்சில் அசிட்டோன் வரும். இந்த வகை சென்சாருக்கு அதையும் சாராயத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மறு வாரமே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபியூயல் செல் உள்ளதை வாங்கினேன். அதில் பிளாட்டினம் தகட்டின் மேல் எத்தனால், அதாவது சாராயம், வினைபுரியும்போது சின்னதாக மின்சாரம் உண்டாகும். அதை அளந்துதான் எண் காட்டும். வாங்குவதென்றால் இதை மட்டும் வாங்குங்கள்.

பயன்படுத்துவது எளிது. இருபது விநாடி சூடாகும், பீப் அடிக்கும், நுரையீரலின் அடியில் இருக்கும் காற்று வரும்வரை ஐந்து விநாடி ஊத வேண்டும். மூச்சில் இருப்பதைப்போல 2100 மடங்கு ரத்தத்தில் இருக்கும் என்ற கணக்கில் எண் வரும். 0.03-க்குக் கீழே பச்சை, 0.05 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. சட்ட வரம்பு நாட்டுக்கு நாடு மாறும், 0.08 வைத்திருக்கும் நாடும் உண்டு, 0.02 வைத்திருக்கும் நாடும் உண்டு. விளக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி எரியும்.

என் பெரிய குறையே அந்தப் பச்சை விளக்குதான். ஒரு விருந்தில் கடைசி அரை மணி நேரத்தில் இரண்டு லார்ஜ் (ஒன்று 60 மில்லி) அவசரமாக உள்ளே போனது. வாயில் ஒட்டியிருப்பது போகட்டும் என்று கையேட்டில் சொன்னபடி இருபது நிமிஷம் காத்திருந்து, வண்டி நிறுத்திய இடத்தில் ஊதினேன். 0.028. பச்சை. நல்ல பிள்ளையாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் நின்று சும்மா இன்னொரு தரம் ஊதினால் 0.052, சிவப்பு! வயிற்றில் இருந்தது இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசி மடக்குக்குப் பிறகு ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஏறுமாம். அப்படியானால் வழியில் எந்தத் திருப்பத்தில் நான் வரம்பைத் தாண்டினேன்? அன்று யாரும் குறுக்கே வரவில்லை, அவ்வளவுதான். கையேட்டில் இது இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில்.

நேர்மாறாக, காலை வேளைக்கு இதைப்போல ஒரு பொருள் கிடையாது. இரவு ஒன்பதுக்கு ஆரம்பித்து ஐந்து லார்ஜ். நன்றாகத் தூங்கி, குளித்து, காபி குடித்துவிட்டு ஏழு மணிக்கு ஊதினேன். 0.036. தெளிவாக இருப்பதாகச் சத்தியம் செய்திருப்பேன். கணக்குப் போட்டால் சரிதான்: 30 மில்லி விஸ்கியில் 9 கிராமுக்கு மேல் எத்தனால், என்னுடையது அதைப்போல பத்து மடங்கு. கல்லீரல் மணிக்குச் சுமார் 0.015 தான் இறக்கும். காபியோ குளிர்ந்த தண்ணீரோ அதை அவசரப்படுத்தாது. எத்தனை திங்கட்கிழமை காலையில் மகளைப் பள்ளிக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன் என்று அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன்.

துல்லியத்தை எப்படிச் சோதிப்பது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு வழி உண்டு. நான் ஊதுவதற்கு முன்பே மனைவி எண்ணைச் சொல்லிவிடுவாள். செருப்பைக் கழற்றும் விதத்தைப் பார்த்தாலே போதுமாம். ஒருநாள் "ஒன்பது" என்றாள், கருவி 0.094 காட்டியது. பதினாறு வருஷ அனுபவம், கேலிப்ரேஷன் (அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) செலவும் கிடையாது. கருவிக்கு வருஷத்துக்கு ஒருமுறை அது தேவை. நான் அனுப்பியதைத் திருப்பித் தர அந்த நிறுவனம் ஏழு வாரம் எடுத்துக்கொண்டது. மூன்று முறை போன் செய்தபோதும் மூன்று வேறு பதில்.

விளம்பரத்தில் ஒரு வரியில் முடித்துவிட்ட வசதி ஒன்று இருக்கிறது. கடைசி 32 அளவுகளைத் தேதி, நேரத்தோடு நினைவில் வைத்திருக்கும். வருடாந்தர உடல் பரிசோதனையில் டாக்டர் "வாரத்துக்கு எத்தனை நாள்?" என்று கேட்டார். "சனிக்கிழமை மட்டும்" என்றேன், நம்பித்தான் சொன்னேன். அன்று காலை ஊதியபோது 0.000 வேறு. ரத்தத்தில் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி மட்டும் இருக்க வேண்டியதற்கு மேலே இருந்தது. கருவி காட்டியதைப் பெருமையாகச் சொன்னேன். "அது இப்போ ரத்தத்துல என்ன ஓடுதுன்னுதான் சொல்லும். ஏற்கெனவே ஓடினது என்ன பண்ணிச்சுன்னு சொல்லாது" என்றார்.

உடம்பு எத்தனாலை முதலில் அசிடால்டிஹைடாக மாற்றுகிறது, அது மரபணுவைச் சேதப்படுத்தும் என்று விளக்கினார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவை முதல் பட்டியலில், புகையிலை இருக்கும் பட்டியலில், சேர்த்துவிட்டதாம். வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம். "அளவோடு குடிச்சா?" என்றேன். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று அந்த நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டதைச் சொன்னார். தினமும் நிறையக் குடிப்பவர்கள் மட்டும் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு வரலாம், மருத்துவர் மேற்பார்வை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நான் அந்தக் கூட்டம் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவி பழைய அளவுகளைக் காட்டும் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஐந்து வாரத்தில் பதினான்கு தேதிகள். அதில் சனிக்கிழமை ஐந்துதான். புதன், வியாழன்கூட இருந்தது. வண்டி எடுக்கத் தேவையில்லாத நாட்களில் நான் ஊதுவதே இல்லை என்பதை அவளும் அறிவாள். சத்தம் போடவில்லை. "என்னங்க, டாக்டர்கிட்ட வாயால சொன்னதுக்கு இதைக் கொண்டு போயிருக்கலாமே" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது வண்டி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஊதுகிறேன். கடந்த இரண்டு மாதத்தில் ஆறு தேதிகள் இருக்கின்றன.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்த ஏழு வாரத்துக்கு. இன்னொன்று பச்சை விளக்குக்கு; 0.000 தவிர வேறு எதற்கும் அது எரியக் கூடாது. பெட்டியோடு வரும் ஊதுகுழல்கள் ஐந்துதான், கூடுதலாக ஒரு பாக்கெட் சேர்த்து வாங்கிவிடுங்கள்.