வேலூரில் பழைய கேம் கன்சோல் வேட்டை: ரிப்பேர் பீஸில்தான் லாபம்

வேலூரில் ஓடுகிற பழைய கன்சோல் மலிவாகக் கிடைப்பது அபூர்வம். கடைக்காரர்கள் ஆன்லைன் விலையைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறார்கள். ஓடாத பீஸுக்கு என்ன விலை சொல்வதென்று பலருக்கும் தெரியாது, கிடைத்த காசுக்குத் தள்ளிவிடுவார்கள். எந்தக் கோளாறு தீரும், எது தீராது என்று தெரிந்தால் பேரம் நம் கையில்.

போகிற இடத்தைப் பொறுத்துச் சரக்கும் மாறும். காயலான் கடைகளில் டியூப் டிவியும் பழைய டிவி கேமும் வரும். லாங் பஜார் சுற்றுவட்டாரத்துச் செல்போன் சர்வீஸ் கடைகளில் பிஎஸ்பி (சோனியின் கையடக்கக் கன்சோல்), பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேட்டுப் பார்க்கலாம், மேசையில் இல்லாவிட்டாலும் "பாய், ரிப்பேர்ல எதாவது கிடக்கா?" என்று கேட்டால் உள்ளேயிருந்து ஒரு டப்பா வரும். காட்பாடியில் கோடை விடுமுறைக்கு முன் அறை காலி செய்யும் மாணவர்கள் விற்பது பெரும்பாலும் பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360. கண்டிஷன் நன்றாக இருக்கும், ஆனால் விலையில் இறங்க மாட்டார்கள்.

நம் மதிப்பில் முதலிடம் காயலான் கடைக்குத்தான், காரணம் டியூப் டிவி. 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவிகள் இப்போது எடைக்கு வருகின்றன. பழைய கன்சோலின் படம் எல்இடி டிவியில் மங்கலாகத் தெரியும், பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதமும் வரும். டியூப் டிவியில் இரண்டு தொல்லையும் இல்லை. துப்பாக்கி வைத்து வாத்து சுடும் விளையாட்டு டியூப் டிவியில் மட்டுமே ஓடும். வாங்கும் முன் பின்பக்கத் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். டியூபின் கழுத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள் இருக்க வேண்டும். செம்புக்காக அதை உருவிவிட்டால் அந்த டிவி வெறும் பெட்டிதான். கன்சோல் வயரைச் சொருகும் மஞ்சள் ஏவி பின் இருக்கிறதா, ஆன் செய்தால் திரை முழுக்க வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். மூலையில் நிறத்திட்டு தெரிந்தால் பெரும்பாலும் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரின் காந்தம்தான் காரணம், அது சரியாகிவிடும். 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் தெரிந்தால் நல்ல பீஸ் சல்லிசாகச் சிக்கும். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த கன்சோல் அந்த நாட்டு டிவி முறையான என்டிஎஸ்சி (NTSC) சிக்னல் அனுப்பும். நம் பழைய டிவிகளில் பல நம் நாட்டு முறையான பிஏஎல் (PAL) சிக்னலுக்கு மட்டுமே பழகியவை. இரண்டையும் சேர்த்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது உருண்டுகொண்டே இருக்கும். உடனே "போர்டு போச்சு" என்று ஓரம் கட்டிவிடுவார்கள். இரண்டு சிக்னலையும் ஏற்கும் டிவியில் அதே பீஸ் பளிச்சென்று ஓடும். ஆனால் ஸ்டிக்கரைப் படிக்காமல் பிளக்கில் சொருகாதீர்கள். 100 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் பவர் சப்ளை புகைந்துவிடும். வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பிஎஸ்2 ஸ்லிம் கிடைத்தால் விடாதீர்கள். மாடல் எண் 70000 முதல் 79000 வரை உள்ளவற்றுக்கு வெளியே 8.5 வோல்ட் அடாப்டர் வேண்டும். அது தொலைந்துபோனதாலேயே பல பீஸ் மலிவாக வருகிறது. 12 வோல்ட் ரவுட்டர் அடாப்டரைச் சொருகிச் சோதிக்கும் கடையில் வாங்கவே வாங்காதீர்கள். 8.5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் அதிகம். ஒரிஜினல் அடாப்டரின் அளவும் 5.65 ஆம்பியர், ரவுட்டரின் 1 ஆம்பியர் அடாப்டர் அதைத் தாங்காது. 90000 வரிசையில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது.

சோதிக்க மூன்று டிஸ்க் கொண்டு போங்கள்: அடிப்பக்கம் கறுப்பான பிஎஸ்1 டிஸ்க், நீலமான பிஎஸ்2 சிடி, வெள்ளியான பிஎஸ்2 டிவிடி. ஒன்றைப் படித்து இன்னொன்றைப் படிக்காமல் போவது தேய்ந்த லென்ஸின் அடையாளம். நகல் டிஸ்க் ஓடுவதற்காகச் சிப் போட்டு, பர்ன் செய்த டிவிடியிலேயே ஓட்டிய பீஸில் இது சகஜம். அந்த டிஸ்கில் ஒளி குறைவாகவே திரும்புவதால் லென்ஸுக்கு வேலை அதிகம். டிஸ்க் சுற்றவே இல்லையென்றால் அவசரப்பட்டு லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். மூடி மூடியிருப்பதைச் சொல்லும் குட்டி ஸ்விட்ச் தேய்ந்திருக்கலாம். மூடியை விரலால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள்.

லென்ஸே போயிருந்தாலும் 1,000 ரூபாய்க்குள் வந்தால் வாங்கலாம். ஃப்ரீ மெக்பூட் (மெமரி கார்டிலிருந்தே வெளி மென்பொருளை ஓடவைக்கும் புரோகிராம்) ஏற்றிய மெமரி கார்டு இருந்தால் நம்மிடம் உள்ள கேம்களின் நகலை டிஸ்க் இல்லாமலே ஓட்டலாம். பென் டிரைவிலிருந்து ஓட்டினால் யூஎஸ்பி 1.1 வேகம் போதாமல் வீடியோக் காட்சிகள் திக்கும். லேன் போர்ட் வழியாகக் கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டினால் நன்றாக வரும். 90000 வரிசையில் பயாஸ் (கன்சோலின் உள் மென்பொருள்) 2.30 உள்ள பிந்தைய பீஸ்களில் மட்டும் இந்த மெமரி கார்டு வழி நடக்காது.

டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை 1983-இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ கன்சோலான ஃபேமிகாமின் நகல்கள். கேசட்டில் 60 பின் இருக்கும். அமெரிக்க நின்டெண்டோவின் 72 பின் கேசட் இதில் பொருந்தாது. திரையில் பட்டை பட்டையாக ஓடினால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் காய்ந்திருக்கும், சில ரூபாய் வேலை. வேறு அடாப்டர் போடும் முன் நடுப் பின் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பெட்டிக்குப் பெட்டி மாறும். கேசட்டை வாயால் ஊதாதீர்கள், ஈரத்தில் பின் அரிக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள், பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும் வரை.

பிஎஸ்பியில் பின்மூடி சரியாக உட்காரவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. வேலூர் வெயிலில் தகரக்கூரைப் பரணில் கிடந்தால் உப்பாமல் என்ன செய்யும்? பேட்டரியைக் கழற்றிவிட்டு 5 வோல்ட் அடாப்டரில் ஆன் செய்யுங்கள். கன்சோல் நன்றாக இருந்தால் பேட்டரி இல்லாமலே ஓடும். உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள், வண்டி டிக்கியில் வைத்து எடுத்துப் போகாதீர்கள், கடையிலேயே விட்டுவிடுங்கள். புதிது வாங்கும்போது 1000 மாடலுக்குத் தடியான பேட்டரி, 2000-க்கும் 3000-க்கும் மெலிந்தது.

எக்ஸ்பாக்ஸ் 360-இன் பழைய பெரிய மாடல் மூன்று சிவப்பு விளக்கோடு (உள்ளே கோளாறு என்பதற்கான அடையாளம்) வந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஹீட் கன்னால் சூடு காட்டி ஓடவைத்து விற்பார்கள். சில வாரங்களில் அதே விளக்கு திரும்ப எரியும்.