சின்னம்மாவின் தாடைக் கட்டியும் கண்டி வைத்தியமும்

கனடாவிலிருந்து இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்ட ஊரான தலவாக்கலைக்குப் போன இந்தப் பயணத்தில் பெரும்பகுதி சின்னம்மாவின் கிளினிக் கொப்பியோடு கழிந்தது. அவருக்கு மேற்தாடையில் அமெலோபிளாஸ்டோமா. பல்லின் எனாமலை உருவாக்கும் திசுவிலிருந்து எழும் அரிய கட்டி. புற்றுநோய் அல்ல, ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே போகும். பெரும்பாலும் கீழ்த்தாடையில்தான் வரும். மேற்தாடையில் வந்தால் ஆபத்து அதிகம். அங்கே எலும்பு மெல்லியது என்பதால் சைனஸ் வழியாகக் கண்குழிக்கும் மண்டையோட்டின் அடிக்கும் ஏறிவிடும்.

வலி இல்லாததால் யாரும் பொருட்படுத்தவில்லை. கன்னம் வீங்கியபோது வெற்றிலையைக் குறை சொன்னார்கள், ஆடிய பல்லைப் பிடுங்கினார்கள். பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் கட்டியைச் சுரண்டி எடுத்து அனுப்பிவிட்டார்கள். சுரண்டினால் போதாது, எலும்புக்குள் மிஞ்சும் செல்கள் திரும்ப வளரும். மறுபடி வரச்சொல்லிக் கொடுத்த துண்டு சிங்களத்தில் இருந்தது. தமிழில் ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஆள் இல்லை. இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கண்டியில் கிடைத்த கவனிப்பு வேறு. வைத்தியர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கட்டி கண்ணுக்குப் பின்னால் ஏறிய பாதையை விரலால் காட்டினார். சுற்றியுள்ள நல்ல எலும்பையும் ஒன்று, இரண்டு சென்ரிமீற்றர் சேர்த்து வெட்டுவதே முறை. மண்டையோட்டின் அடியில் அதற்கு இடமேது? பார்வை நரம்பும் மூளைக்குப் போகும் இரத்தக் குழாயும் பக்கத்திலேயே இருக்கின்றன. அதனால் தாடை நிபுணரும் மூளை சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து நின்று செய்தார்கள். அரச வைத்தியசாலை, சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமும் வாங்கவில்லை.

அண்ணத்தில் பாதி போய்விட்டதால் குடித்ததெல்லாம் மூக்கால் வந்தது. ஓட்டையை அடைக்கும் தகட்டைப் பொருத்திய பிறகு ஒரு கோப்பை பிளேன்டீயைச் சிந்தாமல் குடித்து முடித்தார். தாதி கைதட்டினார். பேச்சும் தெளிந்தது.

பத்து வருடம் கழித்தும் இந்தக் கட்டி திரும்பலாம் என்பதால் ஆயுள் முழுக்க கிளினிக் போகவேண்டும். விடிவதற்கு முன் பஸ் ஏறி, ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை என்று சுற்றிப் போனால் அன்றைய பேர், அதாவது தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான சம்பளம், போய்விடும். கிளினிக் கொப்பியைக் காட்டுகிறவர்களுக்குத் தோட்ட நிர்வாகங்கள் அந்த நாளுக்கும் முழுப் பேர் போடவேண்டும். சின்னம்மாவின் மகள் இதைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் கேட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.