நான்காவது மாடி வரைபடத்தில் இல்லை

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அம்மாவுக்காகத் தாம்பரம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் வீடு பார்த்தோம். லிஃப்ட், நல்ல காற்றோட்டம், கீழ்மாடிகளைவிட விலையும் நன்றாகவே குறைவு. வாங்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். லீவு முடிவதற்குள் வீட்டை முடித்துவிட்டுப் போக நினைக்கும் நம்மைப் போன்றவர்களிடம்தான் இப்படிப்பட்ட வீடுகளைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வில்லங்கச் சான்றிதழ், பட்டா இரண்டையும் இப்போது வீட்டில் இருந்தபடியே இணையத்தில் பார்த்துவிடலாம். தாய்ப்பத்திரத்தோடு சேர்த்து வழக்கறிஞரிடம் கொடுத்தோம். நிலத்தில் சிக்கல் இல்லை என்றார். உண்மைதான், சிக்கல் கட்டடத்தில் இருந்தது.

விளம்பரப் பலகையில் ரேரா எண், அதாவது வீடு, மனை விற்பனையைக் கண்காணிக்கும் ஆணையத்தின் பதிவு எண், பளிச்சென்று இருந்தது. அதைத் தமிழ்நாடு ரேரா தளத்தில் தேடினால் அனுமதி விவரம் வந்தது: ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தும் தளம்), அதன் மேல் மூன்று மாடி, மொத்தம் 12 வீடுகள். எங்களுக்குக் காட்டியது நான்காவது மாடி! எண் உண்மையானதுதான், ஆனால் அந்த எண்ணுக்குள் எங்கள் வீடு இல்லை.

மாமாவுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அனுமதி வரைபடத்தின் நகலோடும் டேப்போடும் வந்தார். பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடம் வரைபடத்தில் இரண்டு மீட்டர். டேப் பிடித்தால் ஒன்றரைகூட வரவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் பாதியைச் செங்கல் வைத்து அடைத்து அறையாக்கியிருந்தார்கள். பிறகு அவர் ஒரு தூணில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, இந்தத் தூண் மூணு மாடிக்குக் கணக்குப் போட்டது. மேல ஒண்ணு ஏத்தலாம்னு எந்த இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார்னு கேளுங்க." கேட்டோம். பில்டரின் ஆள் பேச்சை மாற்றிவிட்டார். 2014 ஜூனில் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். அனுமதி பெற்ற கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால், யாரும் கணக்குப் போடாத மாடியில் அம்மாவை எப்படிக் குடிவைப்பது?

அந்த மாடியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பில்தான் ஃபேன் ஓடுகிறது. வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் சலுகை கிடையாது, கட்டணமும் அதிகம், தண்ணீருக்கு லாரி. "சி.சி. வந்ததும் சரியாயிடும்னு சொல்லியே வித்தாங்க" என்றார் அந்த அக்கா. சி.சி. என்பது பணி நிறைவுச் சான்றிதழ். வரைபடப்படி கட்டியிருந்தால்தான் அது கிடைக்கும். சிறிய வீடுகளுக்கு விலக்கு உண்டு, இந்த அளவுக் கட்டடத்துக்கு இல்லை. அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கேட்டு அலைவது வீண்.

தரகர் விடவில்லை. "சார், பத்திரமே பதிவாகுது, அப்புறம் என்ன பயம்?" என்றார். சார்பதிவாளர் ஆவணத்தையும் முத்திரைத் தீர்வையையும் பார்ப்பார், பத்திரம் பதிவானதாலேயே கட்டடம் வரைபடப்படி இருக்கிறது என்று ஆகிவிடாது. இன்னொன்றும் இருக்கிறது. கட்டடம் நிற்கும் நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சேரும் பிரிபடாத பங்கை (யு.டி.எஸ்.) 12 வீட்டுக்கும் முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டால், 13-வது வீட்டுக்கு எந்த நிலம் மிச்சம்? யு.டி.எஸ். கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை.

விதிமீறிக் கட்டியதைப் பிறகு அரசிடம் வரன்முறை (முறைப்படுத்தல்) செய்துகொள்ளலாம் என்பதும் பழைய பேச்சு. தமிழ்நாடு நகரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்குத்தான். மீரட் வழக்கொன்றில் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. நாங்கள் கேட்ட வங்கியும் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. உடனே பில்டர் தரப்பு கூடுதல் வட்டிக்கு ஒரு நிதி நிறுவனத்தைக் காட்டியது. அங்கேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கொச்சி மரடில் 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்த அடுக்குமாடிகளில் வீடு வாங்கியவர்களும் பணம் கட்டிப் பத்திரம் பதிந்தவர்கள்தான். பஞ்சாயத்து அனுமதிகூட இருந்தது, கடலோர மண்டல விதிப்படியான ஒப்புதல்தான் இல்லை. இழப்பீடு கிடைத்தது, வீடு போய்விட்டது.

ஊருக்கு டிக்கெட் போடும்போதே ரேரா பக்கத்தையும் வில்லங்கத்தையும் பார்த்துவிடுங்கள். அனுமதி வரைபடத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். அனுப்பினால், வந்து இறங்கியதும் பொறியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு டேப்போடு போங்கள். அதன் பிறகு அட்வான்ஸ் பற்றிப் பேசலாம்.