ஹாங்காங் பாலமா, மும்பை அடல் சேதுவா?

காசிமேட்டுல நின்னு விசைப்படகு வெளிய போறத பாத்தாலே எனக்கு கடல் பாலம் ஞாபகந்தான் வரும், பாலம் கட்டிட்டா கப்பல் எப்படி போகும்னு. இதுக்கு ஹாங்காங்–ஜூஹாய்–மக்காவ் பாலத்துல பண்ணதுதான் செம, நடுவுல பாலத்த நிறுத்தி ரெண்டு செயற்கை தீவு போட்டு அங்கேருந்து 6.7 கிலோமீட்டர் ரோட்ட சுரங்கமா கடலுக்கு அடில எறக்கிட்டாங்க, ஏன்னா மேல பெரிய கப்பல் போகணும், பக்கத்துலயே ஏர்போர்ட் இருக்கறதால உசரமா தூணும் கட்ட முடியாது. மொத்தம் 55 கிலோமீட்டர். நம்ம சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி தூரமே அவ்ளோ வராது பாத்துக்கோங்க! 2018ல தொறந்தாங்க.

மும்பையையும் நவி மும்பையையும் இணைக்கற அடல் சேது 2024 ஜனவரில தொறந்தது, 21.8 கிலோமீட்டர், அதுல 16.5 கடல் மேல. இங்க சுரங்கம் இல்ல, கப்பல் போற எடத்துல மட்டும் தூண தள்ளி வெச்சு 180 மீட்டர் வரைக்கும் இரும்பு தளம் போட்டுருக்காங்க. மும்பை முனைல இருக்கற சிவ்டி பக்கம் சேத்துல பூநாரை வரும், அதுக்கு தொந்தரவு ஆகக்கூடாதுன்னு சத்தம் தடுக்க தடுப்பு வேற வெச்சாங்க, அது எனக்கு ரொம்ப புடிச்சுது, எண்ணூர் கழிமுகத்துலயும் இந்த அக்கறை வேணும்.

வேலைப்பாடுன்னா ஹாங்காங்தான். ஆனா அங்க சொந்த கார்ல போக தனி பர்மிட் வேணும், மத்தவங்களுக்கு பஸ்தான். மும்பைல டோல் கட்டிட்டு கார்ல நேரா போயிடலாம், பைக், ஆட்டோவ மட்டும் விடமாட்டாங்க. தெனம் ஜனங்களுக்கு உதவறதுல என் ஓட்டு அடல் சேதுவுக்கு.