மண்டாய் வலைக்கூடமா, ஈடன் வலைக்காடா?

கிளிநொச்சி இரணைமடுக் குளக்கரையில் கூழைக்கடாவைச் சும்மா பார்த்து வளர்ந்த எங்கட ஆக்களுக்குப் பறவைக்கூண்டு என்றாலே ஒரு இளக்காரம். ஆனால் ஆள் உள்ளே நடந்து போகிற பெரிய வலைக்கூடங்கள் வேறு கதை.

சிங்கப்பூர் மண்டாயில் 2023இல் திறந்த பறவைப் பூங்கா 17 ஹெக்டயர். பழைய ஜூரோங் பூங்காவை மூடி, பறவைகளை இங்கே கொண்டுவந்தார்கள். ஆபிரிக்கா, ஆசியா, அமேசன், பப்புவா என்று எட்டுக் கூடங்கள். சின்னக் கிளிகள் தீனிக் கிண்ணத்தின் விளிம்பிலேயே வந்து குந்தும். பிள்ளைகள், முழங்கால் வலிக்கிற அம்மம்மா எல்லாருடனும் போகிறவர்களுக்கு இதுதான் சரி.

தென்னாபிரிக்காவில் பிளெட்டன்பெர்க் பே அருகே 2005இல் வந்த ஈடன் (Birds of Eden) பறவைக்கூடம் வேறு மாதிரி. காட்டை நட்டு வளர்க்கவில்லை. ஏற்கெனவே நின்ற காட்டின் மேல், பள்ளத்தாக்கோடு சேர்த்து, ஒரே வலையைப் போர்த்திவிட்டார்கள். பரப்பு 2.3 ஹெக்டயர், உயரம் சில இடங்களில் 50 மீற்றருக்கும் மேல். வீடுகளில் அடைபட்டிருந்த கிளிகளைப் பறக்கப் பழக்கி உள்ளே விடுகிறார்கள். குறை ஒன்று: பறவை மர உச்சியில் இருந்தால் கழுத்து நோகும், தொலைநோக்கி இல்லாமல் போகாதீர்கள். இருந்தும் என் வாக்கு ஈடனுக்கே. கிளிக்கு இறகடிக்க இடம் இருக்கிறது.

செலவு குறைய வேண்டும் என்றால் மண்டாய். சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற எங்களுக்கு முன்விசா தேவையில்லை, தென்னாபிரிக்காவுக்குத் தேவை. பூநாரைக்காக மட்டும் இரண்டுக்கும் போக வேண்டாம். மாரிக்கு மன்னார் வங்காலைக்கே வரும்.